தராசுக் கண்கள்

பச்சைக்குழந்தையைப் பார்க்க வரும் சொந்தங்களுக்குக் கண்ணிலேயே தராசு. தொட்டிலை எட்டிப் பார்த்ததும் சித்தியின் தீர்ப்பு வந்துவிடும்: "என்னம்மா, பிள்ளை இப்படி நோஞ்சானா இருக்கு? உனக்குப் பால் பத்தலை போல."

பிறந்த சில நாளில் எடை 7 முதல் 10 சதவீதம் வரை குறையலாம், இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் மீண்டுவிடும் என்று டாக்டர் சொல்லியிருப்பார். டாக்டர் என்ன, நாலு பிள்ளை பெற்றவரா? தாய்க்குச் சுறாப்புட்டும் பூண்டுக்குழம்பும் ஆரம்பம். பிள்ளை நாளுக்கு ஆறு தடவைக்கு மேல் துணி நனைக்கிறதே, அதுதான் பால் இறங்குவதற்கு அடையாளம். அந்தக் கணக்கு துவைக்கிறவளுக்கு மட்டும் தெரியும். நிஜமாகவே எடை ஏறாத பிள்ளையும் உண்டு. அதற்கு வேண்டியது மருத்துவமனைத் தராசும், பிள்ளை மார்பைச் சரியாகக் கவ்வுகிறதா என்று பார்க்கத் தெரிந்த நர்ஸும். இரண்டும் சித்தியின் கைப்பையில் இல்லை.

இந்தியாவில் 1992-ல் வந்த சட்டம் பால்மாவு விளம்பரத்தைத் தடுத்தது. டப்பாவில் குழந்தைப் படம்கூடப் போடக் கூடாது. சித்தி போனை நீட்டுகிறார்: "எங்க பேரன் டப்பாப்பால்தான், எப்படிக் கொழுகொழுன்னு இருக்கான் பாரு!" விளம்பரக் கட்டணம், சர்க்கரை தூக்கலாக ஒரு காபி.