வைடு போட்டால் காசு வாபஸா?

கொடுமுடியில் ஓர் அப்பாரு. மஞ்சள் விலைக்கு அடுத்தபடியாக அவர் கவலைப்படுவது கிரிக்கெட்டுக்கு. ஒரு காலத்தில் ஆட்டம் பார்க்க அவருக்குத் தேவைப்பட்டவை இரண்டே: மாடியில் ஆன்டெனா, அதைத் திருப்ப ஒரு மகன். இப்போது ஆன்டெனா இல்லை, மகன் திருப்பூரில். செயலிக்கு ஓடிபி பார்த்துச் சொல்லப் பேரன் இருக்கிறான்.

ஆட்டத்தைக் காட்டும் உரிமைச் சிக்கலுக்கு வயது அதிகம். 1993-ல் ஹீரோ கோப்பையை யார் காட்டுவது என்று வங்காள கிரிக்கெட் சங்கத்துக்கும் தூர்தர்ஷனுக்கும் மூண்ட சண்டை உச்ச நீதிமன்றம் வரை போனது. வான் அலைகள் பொதுச்சொத்து, அரசின் தனியுரிமை அல்ல என்று 1995-ல் தீர்ப்பு வந்தது. பொதுச்சொத்து என்றதும் ஏலம் போடத்தான் தோன்றியது நமக்கு. முக்கியமான சர்வதேச ஆட்டங்களைத் தூர்தர்ஷனுடன் பகிர வேண்டும் என்று 2007-ல் சட்டம் வந்தது உண்மை. ஐபிஎல்லுக்கு அந்தப் புண்ணியம் கிடைக்கவில்லை.

2010-ல் யூடியூப் ஐபிஎல்லைச் சும்மாவே காட்டியது. 2015-ல் ஹாட்ஸ்டார் பிறந்தது. 2020-ல் ஐபிஎல் பார்க்க வருடத்துக்கு 399 ரூபாய் என்றார்கள். “டிவிக்கு ஒரு காசு, போனுக்கு ஒரு காசா?” என்று அப்பாரு முறைத்தார்.

2022 ஜூனில் நடந்த ஏலம்தான் உச்சம். ஐந்து ஆண்டுக்கான டிஜிட்டல் உரிமையில் பெரிய பங்கை வயாகாம்18 எடுத்தது: 410 ஆட்டம், 20,500 கோடி. பேரன் திண்ணையிலேயே கணக்குப் போட்டான். ஆட்டத்துக்கு 50 கோடி, ஓவருக்கு ஒண்ணேகால் கோடி, பந்துக்கு ஏறக்குறைய 20 லட்சம்.

“ஏங்கண்ணு, வைடு போட்டா காசைத் திருப்பிக் குடுப்பாங்களா?”

இவ்வளவு கொட்டிவிட்டு 2023-ல் ஜியோசினிமா ஐபிஎல்லை இலவசமாகத் திறந்துவிட்டது. பதிலுக்கு ஹாட்ஸ்டார் அதே ஆண்டு உலகக் கோப்பையைச் செல்போனில் இலவசமாக்கியது. அகமதாபாத் இறுதி ஆட்டத்தை ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தார்கள். காசு கொடுத்துத் தோல்வியைப் பார்க்கவில்லை என்பதில் அப்பாருக்கு ஓர் ஆறுதல்.

அப்புறம் கல்யாணம். 2025 பிப்ரவரி 14, காதலர் தினத்தன்று, இரண்டு செயலியும் ஜியோஹாட்ஸ்டார் ஆயின. மொய் நாம் வைத்தோம்: செல்போனுக்கு மூன்று மாதம் 149 ரூபாய், இல்லாவிட்டால் ரீசார்ஜோடு சேர்த்து. சாம்பியன்ஸ் லீக் கால்பந்துக்குச் சோனி லிவ், ஃபார்முலா ஒன்னுக்கு ஃபேன்கோடு என்று பேரனுக்கு மொய் வைக்க வேண்டிய வீடுகள் வேறேயும் உண்டு.

இத்தனை காசுக்கும் ஆட்டம் தாமதமாகத்தான் வருகிறது. இணையத்தில் படத்தைச் சில நொடித் துண்டுகளாக நறுக்கி அனுப்புகிறார்கள். போன் இரண்டு மூன்று துண்டைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் ஓட்ட ஆரம்பிக்கும். எதிர் டீக்கடையில் கேபிள் டிவி. அங்கே விக்கெட் விழுந்து கூச்சல் எழும்போது, பேரனின் போனில் பவுலர் அப்போதுதான் பந்தைப் பேண்டில் தேய்த்துக்கொண்டிருப்பார்.

பேரனும் கூட்டாளிகளும் காதில் ஹெட்போனோடு உள்ளே உட்கார்ந்திருப்பார்கள், கூச்சல் கேட்காது. திண்ணையிலிருக்கும் அப்பாருக்குக் கேட்கும். நிதானமாக எழுந்து போய், ஒரு பையனின் தோளைத் தட்டி, “இந்தப் பந்துல அவுட்டு பாரு சாமி” என்பார். அவுட்டாகும். விவரம் தெரியாத கரூர்ப் பையன் ஒருவன் போன வாரம் தன் ஜாதகத்தை எடுத்து வந்துவிட்டான்.