படுத்திருக்கும் பல்

கேள்வி: கடைவாயில் ஞானப்பல் குறுக்கே படுத்திருக்கிறதாம். உளி என்கிறார் ஒருவர், டிரில் என்கிறார் இன்னொருவர், பாதியை வெட்டி மீதியை விடலாம் என்கிறார் மூன்றாமவர். எது நல்லது? (வாசகர், பசறை)

பதில்: உளியும் சுத்தியலும் பிரிட்டனில் பல் அறுவை மருத்துவர் கெல்சி ஃப்ரையின் முறை, அதே துறையின் டெரன்ஸ் வார்ட் அதை 1956இல் எழுதி வைத்தார். நாக்குப் பக்கத்து எலும்பைப் பிளந்து பல்லை அந்தப் பக்கமாகவே எடுப்பது. பெரும்பாலும் முழு மயக்கத்தில்தான் செய்வார்கள், சத்தம் கேட்டால் நோயாளி எழுந்து ஓடிவிடுவார் என்றோ என்னவோ. வேகமான முறைதான். ஆனால் நாக்கின் நரம்பு அங்கேயே ஓடுகிறது. அது அடிபட்டால் பாதி நாக்கு மரத்து, ஊவா தேயிலையின் ருசியும் பாதிதான் தெரியும்.

இப்போது அதிகம் டிரில்தான். கன்னப் பக்கத்து எலும்பைக் கொஞ்சம் குடைந்து, சூடு ஏறாமல் உப்புநீர் விட்டபடி, பல்லைத் துண்டு துண்டாக எடுப்பார்கள். வேர் தாடை நரம்பை ஒட்டிக்கிடந்தால் தலையை மட்டும் வெட்டிவிட்டு வேரை விட்டுவிடுவதுண்டு. கவ்வாத்து மாதிரி, ஆனால் துளிர்க்காது. எக்ஸ்ரே பார்க்காமல் முறை சொல்பவரிடம் வாயைத் திறக்காதீர்கள்.

வாய் திறக்கிறதா என்பதே முதல் கேள்வி. வருஷக்கணக்காகப் பாக்கு மென்றவர்களுக்குக் கன்னத்தின் உள்தோல் இறுகி இரண்டு விரல்கூட நுழையாமல் போகலாம். அப்புறம் எந்த முறையும் திண்டாட்டம்தான். சிக்கலென்று பேராதனைப் பல் வைத்தியசாலைக்கு எழுதிக் கொடுத்தால், பதுளை ரயில் பாதையில்தான் இருக்கிறது. ஜன்னல் சீட் பிடியுங்கள். திரும்பும்போது பேச முடியாது, வேடிக்கையாவது பார்க்கலாம்.