மலை ரயிலைத் துரத்தும் கார்களுக்காக ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: அடிவாரத்திலிருந்து ஒரு குடிமகன்.

பெறுநர்: நீலகிரி மலை ரயில், மலைச் சாலை, மலையேறும் அனுமதி, மலையடிவார நகரம் ஆகியவற்றைப் பங்குபோட்டு ஆளும் அலுவலகங்களில், இந்தக் கடிதத்தை 'எங்கள் எல்லைக்குள் வராது' என்று திருப்பி அனுப்பாத ஏதாவது ஒன்று.

பொருள்: கார் நிறுத்த இடம் கோருதல் (மேலே அல்ல, கீழே) தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

முதலில் பாராட்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து 1899இல் குன்னூர் வரைக்கும், 1908இல் உதகை வரைக்கும் போட்ட மீட்டர் கேஜ் பாதையை இன்றும் ஓட விட்டிருக்கிறீர்கள். 46 கிலோமீட்டர், 208 வளைவுகள், 250 பாலங்கள், 16 சுரங்கங்கள். கல்லாறு தாண்டியதும் பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏறும் சரிவு. எஞ்சினின் பற்சக்கரம் தண்டவாளத்தின் நடுவே இருக்கும் பற்சட்டத்தைக் கடித்துக் கடித்து மேலே போகிறது. 2005இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இவ்வளவையும் யோசித்துக் கட்டியவர்கள், இந்த ரயிலில் ஏற ஜனங்கள் காரில் வருவார்கள் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. 1899இல் அது குற்றமில்லை. அவர்கள் விட்ட அந்த ஒரு வேலையையும் பாரம்பரியச் சின்னம் என்று கருதி, ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நீங்கள் தொடாமல் வைத்திருப்பதுதான் ஆச்சரியம்.

காரில் வரும் ஒரு குடும்பத்தின் நிலையை எண்ணிப் பாருங்கள். அறுபது நாள் முன்னால் முன்பதிவு திறந்த கையோடு டிக்கெட் எடுத்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். காலை 7.10க்கு ரயில். அதில் ஏறிவிட்டால் நண்பகலில் உதகையில் இறங்கலாம். கார்? அது மேட்டுப்பாளையத்தில் நிற்கிறது. பிற்பகல் இரண்டு மணி ரயிலில் திரும்புவதானால் அதற்கும் டிக்கெட் கிடைத்திருக்க வேண்டும். ஊட்டியில் மிஞ்சுவது இரண்டு மணி நேரம். இறங்கி, டீ குடித்து, ஸ்டேஷன் பலகை முன்னால் நின்று படம் எடுத்து, திரும்ப ஏறலாம். அது பிடிக்காவிட்டால் இன்னொரு வழி இருக்கிறது. குடும்பம் ரயிலில் போக, டிரைவர் வெறும் காரை பர்லியாறு வழியாக ஓட்டிக்கொண்டு போய் உதகை ஸ்டேஷன் வாசலில் காத்திருப்பார். இந்த ரயிலை எஞ்சின் முன்னால் நின்று இழுப்பதில்லை, பின்னால் நின்று தள்ளுகிறது என்பது ரயில் பிரியர்கள் பெருமையாகச் சொல்லும் செய்தி. அந்த எஞ்சினுக்கும் பின்னால், பயணிகள் இல்லாத கார்களின் வரிசை ஒன்று தினமும் மலையேறுவதை அவர்கள் சொல்வதில்லை.

இதன் விளைவு எளிது. நான்கு பேர் ரயிலில் போனதால் மலைச் சாலையில் ஒரு கார்கூடக் குறையவில்லை. அதே புகை, அதே கொண்டை ஊசி வளைவு, மேலே போனதும் நிற்க அதே பத்தடி இடத்துக்கான அதே சண்டை. போக்குவரத்துக்காகப் போட்ட ரயில், படகு இல்லத்துக்கும் தாவரவியல் பூங்காவுக்கும் நடுவே ஒரு ராட்டினமாகிவிட்டது. ராட்டினத்தில் சுற்றப் போகிறவர் காரை வாசலில்தான் நிறுத்துவார். அவரைக் கோபிக்க முடியாது.

இப்போது கணக்குக்கு வருகிறேன். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை, வார நாள்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று உச்சவரம்பும் வந்தது. வரம்பு தேவை என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஒரு கார் நிற்க ஐந்து மீட்டர் என்று வையுங்கள். 8,000 கார்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் 40 கிலோமீட்டர். மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் முதல் காரை வைத்துத் தண்டவாளத்தின் மேலேயே அடுக்கிக்கொண்டு போனால், கடைசிக் கார் கேத்தியைத் தாண்டி நிற்கும். இது வரம்புக்கு உட்பட்ட, சட்டத்தை மதித்து வந்த கார்களின் நீளம். மறுபக்கம், காருக்கு நான்கு பேர் என்றால் 6,000 வண்டியில் 24,000 பேர். காலை ரயிலில் ஏறுவது ஏறத்தாழ இருநூறு பேர். நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. இ-பாஸ் படிவம் மனிதர் எங்கே தங்குவார் என்று அக்கறையாகக் கேட்கிறது. கார் எங்கே தங்கும் என்று கேட்பதில்லை. அதனால்தான் அது உதகையின் சேரிங் கிராஸில் தங்குகிறது.

ரயிலில் இன்னும் நாலு பெட்டி சேர்த்தால் தீராதா என்று நல்லெண்ணத்தோடு சிலர் கேட்பார்கள். தீராது. பன்னிரண்டுக்கு ஒன்று சரிவில் நீராவி எஞ்சின் தள்ளக்கூடிய பாரத்துக்கு எல்லை உண்டு; அந்த எல்லைதான் இந்த ரயிலின் அழகும். (1998இல் 'தைய தைய' பாட்டுக்கு ஷாருக் கான் இதன் கூரைமேல் ஏறி ஆடினார். கலை என்றார்கள். உள்ளே இடம் கிடைக்கவில்லையோ என்ற சந்தேகம் எனக்கு இன்னும் இருக்கிறது.) பற்சட்டம் தேவைப்படாத குன்னூர்–உதகைப் பகுதியில் டீசல் எஞ்சின் ஓடுகிறது, கூட்டுவதானால் அங்கே வண்டிகளைக் கூட்டலாம். அப்போதும் மேட்டுப்பாளையத்துக்குக் கீழே காரை விட இடம் வேண்டும். நான் கேட்பது ரயிலை அல்ல, அந்த இடத்தைத்தான். காரைக் கீழே விட்டவரை மேலே கொண்டுபோகப் பஸ் போதும். ஐம்பது பேர் உட்காரும் ஒரு பஸ், பன்னிரண்டு காரைச் சாலையிலிருந்து எடுத்துவிடும்.

இது நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு மகாராஷ்டிரத்தின் மாத்தேரானைக் காட்டலாம். அங்கேயும் 1907இல் போட்ட மலை ரயில் உண்டு. ஊருக்குள் வெளியார் கார் நுழையாது. தஸ்தூரி நாக்காவில் நிறுத்திவிட்டு, பக்கத்திலிருக்கும் அமன் லாட்ஜ் ஸ்டேஷனில் குட்டி ரயிலைப் பிடிக்கலாம், அல்லது நடக்கலாம். மாத்தேரான் சிறிய ஊர், உதகை மாவட்டத் தலைநகர் என்ற மறுப்பு நியாயமானது. சரி, சுவிட்சர்லாந்தின் செர்மாட் ஊரைப் பாருங்கள். கார்கள் ஐந்து கிலோமீட்டர் கீழே டேஷ் என்ற கிராமத்தில் நின்றுவிடும், அங்கிருந்து ரயில்தான். அந்தச் செர்மாட்டிலிருந்து கோர்னர்கிராட்டுக்கு ஏறும் பாதை 1898இல் திறந்தது, நம்முடையதற்கு ஓராண்டு மூத்தது. அதுவும் ரோமன் அப்ட் என்ற சுவிஸ் பொறியாளரின் பற்சட்ட முறைதான். நம் பழைய எக்ஸ் வகை எஞ்சின்கள் வந்ததும் அந்த நாட்டின் வின்டர்தூரிலிருந்துதான். பற்சட்ட முறையை வாங்கினோம், எஞ்சினை வாங்கினோம், பார்க்கிங்கை மட்டும் கப்பலில் ஏற்ற மறந்துவிட்டோம்.

வியாபாரம் படுத்துவிடும் என்பார்கள். குறைவது ஆள் அல்ல, கார்தான். காரைக் கீழே விட்டுவந்தவர் மேலே உள்ளூர் டாக்சியும் ஆட்டோவும் பிடிப்பார். டிஎன் 43 என்ற நீலகிரிப் பதிவெண் வண்டிக்காரர்களைக் கேட்டால் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். முதியவர், நோயாளி, கைக்குழந்தை என்றால் விலக்குக் கொடுங்கள். விலக்குக் கொடுப்பதில் உங்களுக்கு உள்ள அனுபவம் உலகறிந்தது. உதகையிலேயே அடுக்குமாடி பார்க்கிங் கட்டிவிடலாமே என்ற யோசனைதான் எனக்கு அச்சம் தருகிறது. சரிவை வெட்டி எழுப்பும் ஒவ்வொரு மாடியும் கார்களுக்கு அனுப்பும் ஒரு வெற்றிலை பாக்கு அழைப்பு. மழைக்காலத்தில் மண் சரிந்து ரயிலே நிற்கிற மலையில் அது என்ன கட்டடக்கலையோ.

ஒரு மறுப்பு மட்டும் கனமானது: ஊட்டியின் பாரத்தை மேட்டுப்பாளையத்துக்காரர்கள் ஏன் சுமக்க வேண்டும்? சுமக்கக் கூடாது. கோவையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு அகலப் பாதையில் பயணிகள் ரயில் ஓடுகிறது. நிறுத்துமிடத்தை அந்தப் பாதை நெடுகப் பிரித்து வையுங்கள், கட்டணத்தில் ஒரு பங்கை அந்தந்த ஊருக்கே கொடுங்கள். நீராவி எஞ்சினையே புதிதாகச் செய்து காட்டிய பொன்மலைப் பணிமனை இருக்கும் மாநிலத்தில், சமதளத்தில் வெள்ளைக் கோடு போட்டு ஒரு கழிப்பறையும் ஒரு பஸ் நிறுத்தமும் அமைப்பது எட்டாத தொழில்நுட்பம் அல்ல.

ஆகவே தாங்கள் தயைகூர்ந்து இ-பாஸ் படிவத்தில் ஒரே ஒரு வரி சேர்க்க வேண்டுகிறேன்: 'வண்டி நிற்கும் இடம்'. அதை நிரப்ப முடியாதவருக்கு அடிவாரத்தில் ஓர் இடமும், மேலே போக ஒரு பஸ் சீட்டும், ரயிலில் இடமிருந்தால் அதுவும் ஒரே ரசீதில் கொடுங்கள். எந்த அலுவலகம் செய்வது என்று முடிவெடுக்கக் கூட்டம் போடுவதானால் அதை மேட்டுப்பாளையத்திலேயே, மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் வையுங்கள். எல்லா அலுவலகங்களும் அவரவர் காரில் வரட்டும்.

இங்ஙனம்,
அடிவாரத்திலிருந்து ஒரு குடிமகன்