பிரட்டுப் பாட்டி

சுங்கை சிப்புட் தாமான் வீட்டில் விடிகாலை நாலரைக்கு விளக்கு எரிந்தால் இரண்டே காரணம்தான்: யாருக்கோ உடம்பு சரியில்லை, அல்லது அந்த வீட்டில் பாட்டி இருக்கிறாள்.

பால்மரம் வெட்டிய காலத்தில் பெயர் கூப்பிட்டு ஆள் எண்ணிய பிரட்டுப் பழக்கம் அது. தோட்டம் செம்பனையாகிவிட்டது, லயத்தை இடித்தாகிவிட்டது. பாட்டி காதில் மட்டும் கிராணி இன்னும் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கோலாலம்பூரில் வேலை. நாலாம் படிவம் படிக்கும் பேத்திதான் இப்போது பிரட்டுக்கு வரும் ஒரே ஆள்.

மழை பெய்தால் கதை மாறும். மரம் நனைந்தால் வெட்டு கிடையாது. "மழ ஊத்துது, படு புள்ள" என்று போர்வையை இழுத்து மூடிவிடுவாள். மரம் நனைந்ததற்கும் தான் பள்ளிக்கு வராததற்கும் என்ன சம்பந்தம் என்று வகுப்பாசிரியருக்கு விளக்கிக் கடிதம் எழுதுவது பேத்தியின் பாடு. தமிழில் அவள் நல்ல மதிப்பெண் வாங்குவது இந்தப் பயிற்சியால்தான் என்பது என் சந்தேகம்.

மங்கில் காய்ந்த ஒட்டுப்பாலையும் உரித்துச் சாக்கில் சேர்த்துக் காசாக்கிய கை பாட்டியுடையது. ஷாம்பு போத்தல் காலி என்று அவளிடம் சொல்லிவிட முடியாது. தண்ணீர் ஊற்றிக் குலுக்கினால் இன்னும் மூன்று குளியல் வரும். நாலாவது குளியலுக்கு நுரை வராது, வசவு வரும்.

1948 ஜூன் 16ஆம் தேதி இந்த வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுடப்பட்டதும், அதையொட்டி அவசரகாலம் வந்ததும் பேத்திக்குச் சரித்திரப் பாடம். பாட்டிக்கு அது நேற்று நடந்தது. சைக்கிளில் வந்தவர்கள் வண்டியை எந்தப் பக்கம் சாய்த்து நிறுத்தினார்கள் என்பது வரை சொல்வாள். அடையாளக் கார்டில் பிறந்த வருடம் 1950.

"அப்ப நீங்க பொறக்கவே இல்லையே பாட்டி?"

"ஐசி எழுதுன கிராணி தப்பா எழுதிட்டான்."

அலமாரி மேல் ஒரு பழைய மைலோ டின். துண்டாடி விற்கப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்க வேண்டும் என்று துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்கு, பாட்டியின் ஆத்தா மாதம் பத்து வெள்ளி கட்டிய ரசீதுகள் அதில்தான் இருக்கின்றன. இரவு ஒன்பது மணிக்குப் பேத்தியின் கைப்பேசியும் அதற்குள் போய்விடும். உள்ளே கிடந்து அது அதிரும்போது டின் முழுக்க ஒரு தகர மேளம். பாட்டி அசைய மாட்டாள்.

போன வாரம் வாசிப்புத் திட்டத்துக்காக ஒரு சிறுவர் நாவலைக் கொண்டுவந்தாள் பேத்தி. பாட்டியோடு வாழும் பெண்ணின் கதை. பத்துப் பக்கம் வாசிக்கக் கேட்டுவிட்டுப் பாட்டி தீர்ப்புச் சொன்னாள்: "இவ என்னா பாட்டி? இத்தன நேரமா ஒருத்தரக்கூடத் திட்டல. புத்தியாவே சொல்லிக்கிட்டிருக்கா. இப்படி நல்லவளா இருந்தா கடைசில சாவடிச்சிருவாங்க."

"தெரியல பாட்டி, இன்னும் முடிக்கல."

"கடைசிப் பக்கத்த மொதல்ல பாரு."

பேத்தி புரட்டிப் பார்த்தாள்.

"இருக்காங்க பாட்டி."

"அப்பப் படி," என்று காலை நீட்டி உட்கார்ந்தாள்.

மணி ஒன்பதேகால். டின் அதிர்ந்துகொண்டிருந்தது.