செட்டிங்ஸ் அண்ணன்

குயிலாப்பாளையத்தில் ஒரு வீட்டு லேப்டாப் ஊமையான சேதி கடைத்தெருவுக்குப் போய்ச் சேர்வதற்குள் செட்டிங்ஸ் அண்ணன் வாசலில் நிற்பார். கூப்பிட்டால் வருகிறவர் மெக்கானிக். கூப்பிடாமலே வருகிறவர் செட்டிங்ஸ் அண்ணன். காசு வாங்க மாட்டார். காபி போதும், சர்க்கரை தூக்கலாக. ஆரோவிலுக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருவருக்கு எப்போதோ சார்ஜர் மாட்டிக் கொடுத்ததிலிருந்து, "ஃபாரின் ஐட்டமெல்லாம் நம்ம கைதான்" என்பார்.

செருப்பைக் கழற்றும்போதே அவருக்கு நோய் தெரிந்துவிடும். "உப்புக் காத்து தம்பி. மரக்காணம் உப்பளத்துலேர்ந்து அடிக்குதில்ல, எல்லாத்தையும் தின்னுடும்." ஃபிரிட்ஜ் உறுமினாலும், பைக் செயின் அறுந்தாலும், பக்கத்து வீட்டுப் பையன் பிளஸ் டூவில் கோட்டை விட்டாலும் இதே காற்றுதான் குற்றவாளி. மரக்காணம் வடக்கே இருபது கிலோமீட்டருக்கு மேல். கடலோ இங்கே பக்கத்திலேயே கிடக்கிறது. ஆனாலும் பழி உப்பளத்துக்கே.

ஒருநாள் ஒரு வீட்டுத் தம்பிக்கு நாலு மணிக்கு ஆன்லைன் இன்டர்வியூ. ஹெட்போனைச் சொருகினால் லேப்டாப் கண்டுகொள்ளவே இல்லை. சத்தமெல்லாம் ஸ்பீக்கரில்தான் வருகிறது. "நகரு" என்று நாற்காலியை வாங்கிக்கொண்டார் அண்ணன். செட்டிங்ஸ் திறந்தது. அதற்குள் சவுண்ட், அதற்குள் அவுட்புட், அதற்குள் இன்னொரு ஜன்னல். "டிரைவரைத் தூக்கிட்டேன். ரீஸ்டார்ட் பண்ணா புது டிரைவர் தானா வந்து உக்காந்துப்பான்." வந்து உட்கார்ந்தான். சத்தம் ஸ்பீக்கரை விட்டு நகரவில்லை.

அடுத்து பின்னைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். "மூணு கோடு. மைக் வச்சது. நோக்கியா பின்னா இருக்கும், அதான் செட்டாகல."

இதில் பாதி உண்மை. மூன்று கறுப்புக் கோடுகள் 3.5 மில்லிமீட்டர் பின்னை நான்கு துண்டாகப் பிரிக்கின்றன: இடது காது, வலது காது, எர்த்து, மைக். பழைய நோக்கியா போன்களில் கடைசி இரண்டும் இடம் மாறியிருந்தது உண்மைதான். மாற்றிச் சொருகினால் பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்கும். ஆனால் தம்பியிடம் இருப்பது போன மாதம் வாங்கிய ஹெட்செட். பாதி உண்மை கையில் இருந்தால் மீதியைத் தானே நிரப்பிக்கொள்வது அண்ணன் வழக்கம். அன்றும் அவர் வாக்மேன் வந்த 1979-இல் ஆரம்பித்து, 2016-இல் ஐபோனில் ஹெட்போன் துளையையே அடைத்த கதை வரைக்கும் வந்துவிட்டார். மணி மூன்றே முக்கால்.

அவர் கேட்காத கேள்வி இரண்டே இரண்டு. இந்த ஹெட்போன் போனில் பாடுகிறதா? பின் கடைசி வரை இறங்குகிறதா?

இரண்டையும் கேட்டவள் பத்தாவது படிக்கிற தங்கச்சி. போனில் சொருகினாள், பாடியது. அப்படியென்றால் கோளாறு லேப்டாப் துளையில். அந்தத் துளைக்குள் மெல்லிய தகடு ஒன்று உண்டு. பின் உள்ளே போய் அதைத் தள்ளினால்தான் 'ஆள் வந்தாச்சு' என்று லேப்டாப்புக்குத் தெரியும். தகடு அசையாவிட்டால் எந்த டிரைவர் வந்தும் பயனில்லை. டார்ச் அடித்துப் பார்த்தாள்: பையிலிருந்து வந்த பஞ்சு, ஓரத்தில் பச்சையாகக் களிம்பு. லேப்டாப்பை அணைத்து, மரப் பல்குச்சியால் பஞ்சை மெல்ல நெம்பி எடுத்தாள். பின்னைச் சொருகிச் சுழற்றி, உருவி, மறுபடி சொருகினாள். 'டிக்' என்று இறங்கியது. திரையில் ஹெட்போன் படம் வந்தது.

"அந்தப் பச்சை என்னாம்மா?" என்றார் அண்ணன்.

"களிம்பு ணா. உப்புக் காத்துதான்."

அண்ணன் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும்! "நான் வாசல்லயே சொன்னேனா இல்லியா?"

சொன்னார்தான். ஊரில் எல்லா நோய்க்கும் ஒரே காரணம் சொல்கிறவர் என்றைக்காவது ஒருநாள் சரியாகச் சொல்லாமல் இருக்க முடியாது. சொன்னவர் துளைக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்திருந்தால் தம்பி இன்டர்வியூவுக்கு ஒருதரம் ஒத்திகையே பார்த்திருப்பான்.

காபியைக் குடித்துவிட்டு அண்ணன் வெற்றியோடு கிளம்பினார். ஹெட்போன் அருமையாகக் கேட்டது. வைஃபைதான் வரவில்லை; போகிற போக்கில் அதிலும் ஒரு செட்டிங்கை மாற்றியிருந்தார்.