எழுந்திருக்க மறுக்கும் பெரியவர்

கேள்வி: நெய்வேலியில் பிறந்து வளர்ந்தவன் நான். பென்சில்வேனியாவில் மகள் வீட்டுக் கரியடுப்பைப் பற்றவைக்கப் போய் ஒரு பெட்டி தீக்குச்சி காலி. என் கைராசி அப்படியா?

பதில்: கை மேல் குற்றமில்லை. நெய்வேலியில் தோண்டுவது பழுப்பு நிலக்கரி, நிலக்கரிக் குடும்பத்தின் கடைக்குட்டி. மகள் வீட்டில் இருப்பது ஆந்த்ரசைட், குடும்பத்துக்கே மூத்தவர். உடம்பெல்லாம் கிட்டத்தட்ட வெறும் கார்பன். சட்டென்று தீப்பிடிக்கிற வாயு அவரிடம் சொற்பம். தீக்குச்சிக்கெல்லாம் பெரியவர் எழுந்திருக்க மாட்டார்.

அந்த ஊர்க்காரர்களே தோற்றிருக்கிறார்கள். 1803 வாக்கில் பிலடெல்பியாவில் தண்ணீர் இறைக்கும் எஞ்சினுக்கு இதை வாங்கிப் போட்டார்கள். இருந்த நெருப்பும் அணைந்தது. மிச்சத்தை உடைத்து நடைபாதைக்குச் சரளையாகக் கொட்டிவிட்டார்கள்.

கேள்வி: பிறகு எப்படித்தான் எரிந்தது?

பதில்: அடியிலிருந்து காற்று கொடுத்ததால். 1808 பிப்ரவரி 11 அன்று, வில்க்ஸ்-பார் ஊரில் ஜெஸ்ஸி ஃபெல் என்ற நீதிபதி இரும்புக் கம்பித்தட்டின் மேல் கரியை வைத்து, துருத்தியே இல்லாமல் எரித்துக் காட்டினார். விறகு சாம்பலில் படுத்துக்கொண்டே எரியும். இதற்குக் கீழிருந்து மூச்சு வர வேண்டும். தெருமுனை இஸ்திரிக்காரரின் கரிப்பெட்டியில் ஓட்டைகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்தவருக்கு இது புரியும்.

மகள் வீட்டு அடுப்பில் முதலில் சுள்ளி, அப்புறம் நன்றாகக் காய்ந்த கட்டை. தணல் கெட்டியாகப் படிந்ததும் கரியை ஒரு கை அளவு தூவி, சாம்பல் கதவின் காற்றுத் துவாரத்தை முழுக்கத் திறக்க வேண்டும். கரி படபடவென்று பொரியும். மேலே நீலச் சுடர் ஆடத் தொடங்கினால் பெரியவர் கண் விழித்துவிட்டார். அடுத்த அடுக்கு, அதற்கடுத்தது என்று உட்சுவர்ச் செங்கலின் விளிம்பு வரை நிரப்பலாம். ஒவ்வொரு முறையும் ஒரு மூலையில் சிவந்த தணல் வெளியே தெரியட்டும். முழுக்க மூடினால் வாயு தேங்கி, ஒரேயடியாக 'டப்' என்று பற்றிக்கொள்ளும். மீசை பத்திரம்.

கேள்வி: கம்பியால் மேலே கிளறிவிட்டால் சீக்கிரம் பிடிக்காதா?

பதில்: சீக்கிரம் அணையும். பிலடெல்பியாவுக்குப் பக்கத்தில் ஸ்கூல்கில் ஆற்றங்கரையில் ஜோசையா ஒயிட் என்பவரின் கம்பி ஆலையில் நடந்ததாகச் சொல்வார்கள். ராத்திரி முழுக்கக் குத்திக் கிளறிப் பார்த்த ஆட்கள், வெறுத்துப்போய் உலைக்கதவை அறைந்து சாத்திவிட்டுக் கிளம்பினார்கள். மறந்துபோன கோட்டை எடுக்க ஒருவர் திரும்பி வந்தால், கதவே பழுக்கக் காய்ந்து கிடக்கிறது! சாம்பலைத் தட்டுவதானாலும் அடியில் இருக்கும் கம்பித்தட்டை ஆட்டித்தான்.

கேள்வி: எரிய ஆரம்பித்ததும் நிம்மதியாகத் தூங்கலாமா?

பதில்: புகைபோக்கியில் அடைப்பு இல்லாமல், கார்பன் மோனாக்சைடு அலாரமும் வேலை செய்தால் தூங்கலாம். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அலாரத்தின் பேட்டரியைப் பேரன் பொம்மைக் காருக்குக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறானா என்று மட்டும் படுக்கப்போகும் முன் பார்த்துவிடுங்கள்.