பி.டி. பீரியடைக் காணோம்

பெருமதிப்பிற்குரிய தாளாளர் அவர்களுக்கு,

தங்கள் மெட்ரிக் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண்ணின் தகப்பன் எழுதும் பாராட்டுக் கடிதம் இது. பெயர் போடவில்லை. மகள் இன்னும் மூன்று வருடம் அங்கே காலம் தள்ள வேண்டும்.

போன வாரம் ஆடிட்டோரியத்தில் தாங்கள் நடத்திய மாணவர் மனநலக் கருத்தரங்கு பிரமாதமாம். பிள்ளைகளை ஒரு மணி நேரத்துக்கும் மேல் அசையாமல் உட்காரவைத்து, உடம்பை அசைத்தால் மனசு லேசாகும் என்று விளக்கியிருக்கிறார்கள். கால் மரத்துப் போனவர்களும் கைதட்டினார்களாம். அதற்கு எந்தப் பீரியடை எடுத்துக்கொண்டார்கள் என்று மகளிடம் கேட்டேன். பி.டி. பீரியடையும், அதை ஒட்டிய லைப்ரரி பீரியடையுமாம். வேறு எதை எடுப்பார்கள்?

அட்மிஷன் சமயத்தில் காட்டிய வழவழப்பான கையேட்டில் வாரம் இரண்டு பி.டி. பீரியட் இருந்தன. செவ்வாய்க்கிழமைப் பீரியட் கணக்கு டீச்சருக்குப் போகிறது, போர்ஷன் முடியவில்லை என்பதால். வியாழக்கிழமைப் பீரியட் சயின்ஸ் டீச்சருக்கு, போர்ஷன் முடிந்துவிட்டது, ரிவிஷன் செய்ய வேண்டும் என்பதால். பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று விளையாட்டுத் துறை அமைச்சர் என்ற முறையில் உதயநிதி ஸ்டாலின் மேடையிலேயே ஆசிரியர்களைக் கேட்டுக்கொண்டார். தங்கள் பள்ளி அந்தத் தவறைச் செய்யவில்லை. கடன் என்றால் திருப்பித் தரும் எண்ணம் இருக்க வேண்டுமே!

பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை. தங்களிடம் இருக்கிறது. காலை முதல் மாலை வரை பள்ளிப் பேருந்துகள் அதில் நிம்மதியாக ஓய்வெடுக்கின்றன.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்களுக்குத்தான் வேறு வேலை இல்லை. பிரிட்டனில் 4,257 பிள்ளைகளுக்கு 12, 14, 16 வயதுகளில் அசைவை அளக்கும் கருவி கட்டிப் பார்த்து, 2020-ல் 'லான்செட் சைக்கியாட்ரி' இதழில் எழுதினார்கள். 12 வயதில் நாளொன்றுக்குக் கூடுதலாக உட்கார்ந்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும், 18 வயதில் மனச்சோர்வு மதிப்பெண் 11.1 சதவீதம் கூடியிருந்ததாம். அந்த வயதில் கூடுதலாக ஒரு மணி நேரம் லேசாக நடமாடியவர்களுக்கு 9.6 சதவீதம் குறைந்திருந்ததாம். பந்தயத்தில் ஓட வேண்டாம், சும்மா நடந்தாலே அது இந்தக் கணக்கில் சேரும். தாங்கள் பதற வேண்டாம். அந்த ஆய்வு தொடர்பைத்தான் காட்டுகிறது, உட்கார்ந்ததுதான் காரணம் என்று நிரூபிக்கவில்லை. தங்கள் வக்கீலுக்கு இந்த வரி உதவும். தவிர, மனச்சோர்வு மதிப்பெண்ணும் மதிப்பெண்தானே? அதிலும் மாநில முதலிடம் நமக்கே கிடைக்கலாம். ப்ளெக்ஸ் பேனரில் கொஞ்சம் இடம் விட்டுவையுங்கள்.

எல்லாவற்றுக்கும் செல்போன்தான் காரணம் என்று தாங்கள் அனுப்பிய சுற்றறிக்கை வந்து சேர்ந்தது. வாட்ஸாப்பில்தான்.

பெண்பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் பகடியில்லாமல் சொல்கிறேன். நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது நன்றாக ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2016 நிலவரப்படி உலகில் 11 முதல் 17 வயதுள்ள மாணவிகளில் 85 சதவீதம் பேருக்கு அது வாய்க்கவில்லை. மாணவர்களில் 78 சதவீதம். இந்த இடைவெளி எப்படி வருகிறது என்று தங்கள் பள்ளியிலேயே பார்க்கலாம். தப்பித்தவறி பி.டி. பீரியட் கிடைக்கும் நாளில் இருக்கிற ஒரே பந்து பையன்களிடம் போய்விடுகிறது. என் மகளும் தோழிகளும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதுகிறார்கள். வியர்க்காமல் வீடு திரும்பும் அவளை 'நல்ல அடக்கமான பொண்ணு' என்று பேரண்ட்ஸ் மீட்டிங்கில் மெச்சினார்கள். ராத்திரி இரண்டு மணி வரை தூக்கம் வராமல் அவள் புரள்வது அவர்களுக்குத் தெரிய வழியில்லை.

ஆகவே வேண்டுகோள் இதுதான். வியாழக்கிழமைப் பீரியடையாவது பி.டி. சாரிடமே விட்டுவிடுங்கள். அந்த நாற்பது நிமிடம் பேருந்துகள் வெளியே நிற்கட்டும். பெண்பிள்ளைகளுக்கென்று இன்னொரு பந்து வாங்குங்கள். அதற்கான காசை ஃபீஸிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். எதையெதையோ சேர்த்திருக்கிறீர்கள், இதையும் கட்டிவிடுகிறோம்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தகப்பன்